'மெனி' போடவா 'மச்' போடவா: எத்தனை, எவ்வளவு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது

கேள்வி இதுதான். வேலை விஷயமா எழுதின ஒரு மெயில்ல 'வி நீட் மெனி இன்ஃபர்மேஷன்ஸ் அபௌட் தி எக்விப்மென்ட்ஸ்'னு ஒரு வரி, கடைசில 'ஐ ஹேவ் ஃபியூ டவுட்ஸ்'னு இன்னொரு வரி. படிச்சவர் முதல் வரியில இருந்த ரெண்டு 'எஸ்'ஸையும் அடிச்சுட்டு 'மெனி'க்கு பதிலா 'மச்' போடச் சொல்லிட்டார், ரெண்டாவது வரிய அப்படியே விட்டுட்டார். இது ஏன், இதுக்கு ஒரு வழிமுறை இருக்கா, இல்ல எல்லாத்தையும் மனப்பாடம்தான் பண்ணணுமான்னு கேட்டிருக்கீங்க.

நான் ரொம்ப வருஷமா பெரியவங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்குறேன், இந்த ஒரு விஷயத்துலதான் நல்லா பேசறவங்க கூட தயங்கி நிக்கறத பாத்திருக்கேன். அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். அப்புறம் இன்னொண்ணு, உங்கள திருத்தினவர் சொன்னதும் பாதிதான் சரி, அவர் அப்படியே விட்டுட்ட ரெண்டாவது வரியிலதான் பெரிய ஆபத்தே இருக்கு. அதுக்கு அப்புறம் வர்றேன்.

முதல்ல அடிப்படை. இங்கிலீஷ்ல ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ரெண்டுல ஒரு பக்கம் நிக்கும், ஒண்ணு ரெண்டுன்னு எண்ணக்கூடியது ஒரு பக்கம், அதாவது கவுன்டபிள், அப்படி எண்ணாம மொத்தமா அளவா மட்டும் பாக்குறது இன்னொரு பக்கம், அது அன்கவுன்டபிள். சில புத்தகத்துல இதையே மாஸ் நவுன்னு போட்டிருப்பாங்க, ரெண்டும் ஒண்ணுதான். புக், சேர், ஐடியா எல்லாம் எண்ணலாம். வாட்டர், சேண்ட், லக் எல்லாம் எண்ண மாட்டாங்க. எண்ணுறதுக்கு 'மெனி', 'ஃபியூ', 'செவரல்', 'எ நம்பர் ஆஃப்'. எண்ணாததுக்கு 'மச்', 'லிட்டில்', 'எ கிரேட் டீல் ஆஃப்', 'அன் அமௌன்ட் ஆஃப்'. ரெண்டுக்கும் பொதுவா 'சம்', 'எனி', 'எ லாட் ஆஃப்', 'ப்ளென்டி ஆஃப்', 'எனஃப்', 'மோர்', 'மோஸ்ட்', 'ஆல்', 'நோ'. இவ்வளவுதான் விதி, இதுல கஷ்டமே இல்ல. ஒரு வார்த்தை எந்தப் பக்கம் நிக்குதுன்னு கண்டுபிடிக்கறதுலதான் கஷ்டம்.

அதுக்கு நம்மகிட்டயே ஒரு கருவி இருக்கு, யாரும் சொல்லிக் குடுக்காமலே சின்ன வயசுலேந்து பயன்படுத்திட்டு இருக்கோம். எத்தனை, எவ்வளவு. எத்தனை புத்தகம், எத்தனை நாற்காலி, எத்தனை நாள்னு கேக்குறோம், எவ்வளவு தண்ணி, எவ்வளவு மணல், எவ்வளவு காசுன்னு கேக்குறோம். எத்தனை வர்ற இடம் 'ஹவ் மெனி', எவ்வளவு வர்ற இடம் 'ஹவ் மச்', பெரும்பாலும் அப்படியே பொருந்தும். காசு விஷயத்த பாருங்க, காசை எண்ணத்தானே செய்யறோம், பின்ன ஏன் 'மனி' அன்கவுன்டபிள்னு நிறைய பேர் குழம்புவாங்க, ஆனா நாமளும் 'எத்தனை பணம்'னு கேக்குறதில்லயே, 'எவ்வளவு பணம்'னுதான் கேக்குறோம், 'எத்தனை ரூபா'ன்னு வேணா கேப்போம். இங்கிலீஷும் அதேதான், எண்ணுறது ரூபாயையோ டாலரையோதான், பணத்த இல்ல.

இன்னும் அழகா ஒண்ணு. 'டைம்'ங்கற வார்த்தைக்கு 'ஹவ் மச் டைம்', 'ஹவ் மெனி டைம்ஸ்'னு ரெண்டுமே சரின்னு சொன்னா புதுசா படிக்கறவங்க முழிப்பாங்க. தமிழ்ல சொல்லிப் பாருங்க. எவ்வளவு நேரம், எத்தனை தடவை. நமக்கு அது ரெண்டு வேற வார்த்தை, அவங்களுக்கு ஒரே வார்த்தை ரெண்டு அர்த்தத்துல நிக்குது, அவ்வளவுதான்.

சரி, கருவி இருந்தும் ஏன் தப்பு வருது? ரெண்டு இடத்துல நம்ம தமிழே நம்மள இழுத்து விட்டுடுது. முதல் இடம், பேச்சுத் தமிழ்ல 'நிறைய'வும் 'கொஞ்ச'மும் ரெண்டு பக்கமும் போகும். நிறைய பேர், நிறைய தண்ணி, கொஞ்சம் தண்ணி, கொஞ்சம் பேர், எல்லாமே சரி. எழுத்துத் தமிழ்ல பல, சிலன்னா எண்ணுறது, சிறிது, மிகுதின்னா அளவுன்னு பிரிவு தெளிவா இருக்கு, பேச்சுல அது கலைஞ்சு போச்சு. 'எவ்ளோ பேர் வந்தாங்க'ன்னே சகஜமா கேக்குறோம். அந்தப் பழக்கத்துலயே இங்கிலீஷ்ல 'ஹவ் மச் பீப்பிள்'னு வாயில வந்துடும். அங்க 'மெனி'தான், ஆட்கள்ங்கற அர்த்தத்துல 'பீப்பிள்' எப்பவும் பன்மை. அதனால சந்தேகம் வந்தா மனசுக்குள்ள எழுத்துத் தமிழ்ல கேட்டுப் பாருங்க. எத்தனை பேர். உடனே விடை வந்துடும்.

ரெண்டாவது இடம்தான் உங்க மெயில்ல நடந்தது. தமிழ்ல தகவல், தகவல்கள். ஆலோசனை, ஆலோசனைகள். செய்தி, செய்திகள். கருவி, கருவிகள். எல்லாத்தையும் நாம எண்ணுவோம், 'மூணு தகவல் கிடைச்சுது'ன்னு சாதாரணமா சொல்வோம். இங்கிலீஷ்ல இன்ஃபர்மேஷன், அட்வைஸ், நியூஸ், எக்விப்மென்ட் எல்லாம் தண்ணி மாதிரி. இங்க மட்டும் எத்தனை-எவ்வளவு கருவி வேலை செய்யாது. நல்ல வேளையா இந்தப் பட்டியல் பெருசு இல்ல, அடிக்கடி தேவைப்படறத ஒரே மூச்சுல சொல்லிடலாம், இன்ஃபர்மேஷன், அட்வைஸ், நியூஸ், எக்விப்மென்ட், ஃபர்னிச்சர், லக்கேஜ், அதே அர்த்தத்துல வர்ற பேகேஜ் (பார்சல்னு சொல்ற 'பேக்கேஜ்' இல்ல), ஹோம்வொர்க், வேலைங்கற அர்த்தத்துல வொர்க், ரிசர்ச், எவிடென்ஸ், நாலெட்ஜ், ட்ராஃபிக், ஸ்லாங், ஃபீட்பேக், சாஃப்ட்வேர், ப்ரோகிரஸ். இதுல எதுக்கும் கடைசில 'எஸ்' சேக்காதீங்க, முன்னாடி பொதுவா 'எ', 'அன்' போடாதீங்க, 'மெனி' போடாதீங்க. 'நியூஸ்' மட்டும் பாக்க பன்மை மாதிரி இருக்கும், ஆனா 'தி நியூஸ் இஸ் குட்'தான்.

இது ஏன் இப்படின்னு காரணம் தேடினா பொருள்ல கிடைக்காது. நாற்காலி மேஜையெல்லாம் கண்ணு முன்னாடி தனித்தனியா நிக்குது, அதுங்களோட மொத்தப் பேரான 'ஃபர்னிச்சர்' மட்டும் எண்ண முடியாததாம். உலகத்துல அது எண்ண முடியாத பொருள் இல்ல, அந்த மொழி அத ஒரு குவியலா பாக்குது, அவ்வளவே. பிரெஞ்சுல இதே 'இன்ஃபர்மேஷன்' வார்த்தைக்கு பன்மை உண்டு, ஜெர்மன்லயும் உண்டு, அதனால அந்த ஊர்க்காரங்களும் இங்கிலீஷ் எழுதறப்ப 'இன்ஃபர்மேஷன்ஸ்'னுதான் எழுதித் தொலைக்கறாங்க. ஆக இது அறிவு சம்பந்தப்பட்ட தப்பே இல்ல, தயவு செஞ்சு கூச்சப்படாதீங்க. தாய்மொழி எண்ணுறத இன்னொரு மொழி எண்ணல, அத தெரிஞ்சுக்கிட்டா போதும்.

ஒரு வார்த்தை பக்கம் மாறினதுக்கும் உதாரணம் இருக்கு. பட்டாணிக்கு பழைய இங்கிலீஷ்ல இருந்த பேரோட முடிவுலயே ஒரு 'ஸ்' சத்தம் ஒட்டியிருந்துச்சு, அது பன்மைக்கான 'எஸ்' இல்ல, வேர்லயே இருந்த சத்தம். அரிசிய மொத்தமா சொல்ற 'ரைஸ்' மாதிரி அதையும் மொத்தமா சொல்லிட்டு இருந்தாங்க. கேக்குறவங்க காதுக்கு அது பன்மை மாதிரி பட்டிருக்கு, அப்ப ஒத்தப் பட்டாணிக்கு 'ஸ்' இல்லாம ஒரு பேர் இருக்கணுமேன்னு 17ஆம் நூற்றாண்டு வாக்குல அத வெட்டி புதுசா ஒரு ஒருமையே உண்டாக்கிட்டாங்க. அதே மாதிரி சின்னச் சின்ன மணியா இருக்குற அரிசி இன்னிக்கு வரைக்கும் எண்ண முடியாத பக்கம், பட்டாணி எண்ணுற பக்கம். பொருள வச்சு தீர்மானிக்க முடியாதுன்னு நான் சொல்றதுக்கு இதவிட நல்ல சாட்சி கிடையாது.

எண்ண முடியாதத எண்ணியே ஆகணும்னா என்ன பண்றது? நடுவுல ஒரு அளவுப் பேர் வைக்கணும். 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்', 'டூ பீசஸ் ஆஃப் லக்கேஜ்', 'அன் ஐட்டம் ஆஃப் நியூஸ்', 'எ ஷீட் ஆஃப் பேப்பர்', 'எ பார் ஆஃப் சோப்', 'எ ஸ்லைஸ் ஆஃப் பிரெட்', 'எ கிரெய்ன் ஆஃப் சேண்ட்', 'எ டிராப் ஆஃப் வாட்டர்'. நமக்கு இது புதுசே இல்ல. ஒரு சொட்டு தண்ணி, ஒரு துண்டு சோப்பு, ஒரு பிடி மண்ணு. பன்மை 'எஸ்' அந்த அளவுப் பேருக்குத்தான் போகணும், பின்னாடி வர்ற பொருளுக்கு இல்ல, 'த்ரீ பீஸ் ஆஃப் அட்வைசஸ்'னு மாத்திப் போட்டு எழுதுறத அடிக்கடி பாக்குறேன். பேச்சுல 'டூ காஃபீஸ், ப்ளீஸ்'னு கேக்குறாங்களே, அது தப்பான்னு கேப்பீங்க. தப்பில்ல, அங்க எண்ணுறது கப்பை. பள்ளிக்கூடத்துல படிச்ச ஆகுபெயர் ஞாபகம் இருக்கா, 'ரெண்டு லிட்டர் குடு'ன்னா முகத்தல் அளவையாகு பெயர், அளவோட பேர் பொருளுக்கு ஆகி வருது, எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல்னு அளவைய இலக்கணப் புத்தகத்துல நாலா பிரிச்சு வச்சிருக்கும். 'டூ காஃபீஸ்' அதையே திருப்பிப் போட்டது, பொருளோட பேர் கப்புக்கு ஆகி வருது.

இதே போக்குல ரெண்டு பக்கமும் நிக்கற வார்த்தைங்க கொஞ்சம் இருக்கு, அர்த்தம் மாறும்ங்கறதால கவனமா இருக்கணும். 'பேப்பர்'னா தாள், 'எ பேப்பர்'னா நாளிதழோ ஆய்வுக் கட்டுரையோ. 'ரூம்'னு மொட்டையா சொன்னா இடம், 'எ ரூம்'னா அறை, 'தேர் இஸ் நோ ரூம்'னா இங்க நிக்க இடமில்லன்னு அர்த்தம். 'எக்ஸ்பீரியன்ஸ்'னா வேலையில சேந்த அனுபவம், அதுக்கு 'எஸ்' கிடையாது, 'எக்ஸ்பீரியன்சஸ்'னா வாழ்க்கையில நடந்த சம்பவங்கள், வேலைக்கு அனுப்புற பயோடேட்டாவுல இத மாத்திப் போடறவங்க ஏராளம். 'வொர்க்'னா வேலை, 'வொர்க்ஸ்'னா ஒரு கலைஞரோட படைப்புகள், அதனால 'ஐ ஹேவ் மெனி வொர்க்ஸ்'னு சொன்னா வேலை நிறைய இருக்குன்னு அர்த்தம் ஆகாது. 'ஹேர்' தலைமுடி மொத்தமும், 'எ ஹேர்' ஒத்த முடி.

இப்ப உங்களத் திருத்தினவர் விஷயம். 'மெனி'ய எடுத்துட்டு 'மச்' போடச் சொன்னார் இல்லயா, இலக்கணப்படி பாத்தா 'வி நீட் மச் இன்ஃபர்மேஷன்' பிழை இல்லதான், ஆனா அப்படி யாரும் சொல்ல மாட்டாங்க, காதுல இடிக்கும். 'மச்' ரெண்டு இடத்துலதான் சௌகரியமா உக்காரும், கேள்வியிலயும் இல்லன்னு சொல்ற வாக்கியத்துலயும். 'டூ வி ஹேவ் மச் டைம்?', 'வி டோன்ட் ஹேவ் மச் டைம்'. நேரா இருக்குன்னு சொல்ற இடத்துல 'எ லாட் ஆஃப்'தான் இயல்பு, 'வி ஹேவ் எ லாட் ஆஃப் டைம்'. முன்னாடி 'டூ' (அளவுக்கு மீறிங்கற அர்த்தத்துல வர்றது), 'சோ', 'ஆஸ்' சேந்தா மட்டும் 'மச்' எங்கயும் வரும், 'டூ மச் நாய்ஸ்', 'சோ மச் வொர்க்'. 'மெனி'க்கு இந்தக் கட்டுப்பாடு அவ்வளவு இல்ல, எழுத்துல 'மெனி பீப்பிள் திங்க்'னு தாராளமா ஆரம்பிக்கலாம். எண்ணுறதா எண்ணாததான்னு நிச்சயமா தெரியாத வார்த்தை வந்து நின்னுட்டா 'எ லாட் ஆஃப்' போட்டுத் தப்பிச்சுக்கலாம், அது ரெண்டு பக்கமும் போகும்.

அடுத்தது அந்த ரெண்டாவது வரி, 'ஐ ஹேவ் ஃபியூ டவுட்ஸ்'. நீங்க சொல்ல வந்தது எனக்கு சில சந்தேகம் இருக்கு, தீத்து வைங்கன்னு. அந்த வாக்கியம் சொல்றது என்னன்னா எனக்கு சந்தேகமே பெருசா இல்ல, ஏறக்குறைய எல்லாம் தெளிவுன்னு. நேர் எதிர். படிக்கறவர் சந்தோஷமா மேல வேலைய தொடங்கிடுவார், பதில் வரும் வரும்னு நீங்க காத்துட்டு இருப்பீங்க. என்கிட்ட படிச்ச ஒருத்தர் இதே வரிய எழுதி அனுப்பிட்டு நாலு நாள் காத்திருந்தார், ஏன் பதிலே இல்லன்னு என்கிட்ட அந்த மெயில காட்டினப்பதான் கண்டுபிடிச்சோம், ஒரே ஒரு 'எ' விட்டுப்போயிருந்துச்சு. அன்னிலேந்து எந்த வகுப்புலயும் நான் இத முதல் நாளே சொல்லிடறேன்.

'எ ஃபியூ', 'எ லிட்டில்' ரெண்டும் இருக்குங்கற பக்கம் பேசும். 'ஃபியூ', 'லிட்டில்' ரெண்டும் இல்லங்கற பக்கம் பேசும். ரெண்டுலயும் ஒரே எண்ணிக்கையாவே இருக்கலாம், மூணு பேர் வந்திருக்கலாம், அத சந்தோஷமா சொல்றீங்களா குறையா சொல்றீங்களாங்கறதுதான் வித்தியாசம். தமிழ்ல இந்த வேலைய 'தான்' பண்ணுது. 'கொஞ்சம் தண்ணி இருக்கு, வாங்க'ன்னா 'எ லிட்டில் வாட்டர்'. 'கொஞ்சம்தான் இருக்கு'ன்னா 'லிட்டில் வாட்டர்'. 'ஒரு சிலர் வந்தாங்க'ன்னா 'எ ஃபியூ', 'சிலர்தான் வந்தாங்க'ன்னா 'ஃபியூ'. பாருங்க, அந்த 'ஒரு சிலர்'ல நாமளும் ஒரு 'ஒரு' வைக்கிறோம், அதுதான் அவங்களோட 'எ'. இப்படி மனசுல வச்சுக்கிட்டா மறக்காது. 'ஒன்லி' சேந்தா மட்டும் 'எ' இருந்தும் அர்த்தம் குறை பக்கம் போயிடும், 'ஒன்லி எ ஃபியூ பீப்பிள் கேம்', ஏன்னா நம்ம 'தான்' செய்யற வேலைய அங்க 'ஒன்லி' எடுத்துக்குது. 'க்வைட் எ ஃபியூ'ன்னா இன்னும் வேற, கணிசமான பேர்னு அர்த்தம், கொஞ்சம்னு நினைச்சுடாதீங்க. அப்புறம் சாதாரணப் பேச்சுல வெறும் 'ஃபியூ', 'லிட்டில்' போட்டா கொஞ்சம் புத்தக வாடை அடிக்கும், 'நாட் மெனி', 'நாட் மச்'னு சொல்றதுதான் வழக்கம்.

'லெஸ்', 'ஃபியூவர்' சண்டைய பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா இதுல இங்கிலீஷ்காரங்களே ஒத்துப்போறதில்ல. பாடப்புத்தக விதி, எண்ணுறதுக்கு 'ஃபியூவர்', எண்ணாததுக்கு 'லெஸ்'. 'ஃபியூவர் கார்ஸ், லெஸ் ட்ராஃபிக்'. ஆனா இந்த விதிக்கு வயசு ரொம்பக் கம்மி. 9ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்துல இருந்த ஆல்ஃப்ரெட் ராஜா எழுதினதுலயே எண்ணுற பொருளுக்கு 'லெஸ்' வந்திருக்கு. 1770ல ராபர்ட் பேக்கர்னு ஒருத்தர், நூறுக்கு குறையாமன்னு சொல்றப்ப 'நோ லெஸ்'ஸ விட 'நோ ஃபியூவர்' நல்லா இருக்கும்னு எனக்குப் படுதுன்னு தன் விருப்பமா எழுதி வச்சார், பின்னாடி வந்தவங்க அத சட்டமாவே ஆக்கிட்டாங்க. 2008ல இங்கிலாந்துல டெஸ்கோங்கற சூப்பர்மார்க்கெட் கடைங்கள்ல, கொஞ்சமா பொருள் வாங்கறவங்களுக்கான பில் கவுன்டர்ல 'டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்'னு இருந்த போர்டு மேல இதுக்காகவே புகார் வந்து, ரெண்டு வார்த்தையும் வேண்டாம்னு 'அப் டு டென் ஐட்டம்ஸ்'னு மாத்தினாங்க. இதுல நான் கவனிச்ச ஒண்ணு, 'லெஸ் பீப்பிள்'னு சொல்றவங்க உண்டு, 'ஃபியூவர் வாட்டர்'னு சொல்றவங்க யாருமே கிடையாது. நம்ம பக்கமும் அப்படியே, 'எவ்ளோ பேர்'னு கேப்போம், ஆனா 'எத்தனை தண்ணி வேணும்'னு கேக்கவே மாட்டோம். கவிதையில 'எத்தனை அழகு'ன்னு வர்றது வியப்பு, அது கேள்வி இல்ல. அளவுக்கான சொல் எண்ணிக்கை பக்கம் பரவும், எண்ணிக்கைக்கான சொல் அளவு பக்கம் போகாது, ரெண்டு மொழியிலயும்.

பரீட்சை, வேலை விண்ணப்பம், ஆபீஸ் எழுத்துக்கெல்லாம் புத்தக விதியவே பின்பத்துங்க. ஒரு விலக்கு மட்டும் ஞாபகம் இருக்கட்டும், நேரம், தூரம், பணம், எடை இதுக்கு முன்னாடி எண் இருந்தாலும் 'லெஸ்'தான். 'லெஸ் தேன் ஃபைவ் மினிட்ஸ்', 'லெஸ் தேன் டென் கிலோமீட்டர்ஸ்'. அஞ்சு நிமிஷத்த ஒண்ணொண்ணா எண்ணல, ஒரே நீளமா பாக்குறோம்.

வினைச்சொல் எப்படி வரும்ங்கறது சின்ன விஷயம், சீக்கிரம் முடிச்சிடலாம். ரெண்டு பக்கமும் போற பொதுச் சொல்லுக்குப் பின்னாடி வர்ற பெயர்ச்சொல் எதுவோ வினை அதுக்கு ஏத்த மாதிரி போகும், 'எ லாட் ஆஃப் வாட்டர் இஸ்', 'எ லாட் ஆஃப் புக்ஸ் ஆர்'. 'எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் ஆர்', ஆனா 'தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் இஸ்', முதல்ல மாணவர்கள பத்தி பேச்சு, ரெண்டாவதுல அந்த எண்ணிக்கைய பத்தி பேச்சு. 'ஈச்', 'எவ்ரி' வந்தா ஒருமை. 'மோஸ்ட் பீப்பிள்' சரி, 'மோஸ்ட் ஆஃப் தி பீப்பிள் ஹியர்' சரி, 'மோஸ்ட் ஆஃப் பீப்பிள்' தப்பு, 'மோஸ்ட்'டுக்குப் பின்னாடி 'ஆஃப்' வந்தா கூடவே 'தி'யோ 'மை'யோ ஏதாவது ஒண்ணு வரணும். 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்'ல கடைசி 'எஸ்' கட்டாயம். 'டென் ட்ரீ'ன்னு நிறைய பேர் எழுதறதுக்கும் காரணம் தமிழ்தான், பத்து மரம்னாலும் பத்து மரங்கள்னாலும் நமக்குச் சரி, அங்க அந்தச் சலுகை கிடையாது.

புது வார்த்தை படிக்கறப்ப தனியா படிக்காதீங்க, அதோட ஜோடியையும் சேத்தே படிங்க, 'எ பீஸ் ஆஃப் எக்விப்மென்ட்', 'மச் ரிசர்ச்', 'மெனி ஸ்டடீஸ்'னு. லேர்னர்ஸ் டிக்ஷனரின்னு வர்றதுல ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்துலயும் 'சி' அல்லது 'யு'ன்னு ஒரு எழுத்து போட்டிருக்கும், சி எண்ணுறது, யு எண்ணாதது, ரெண்டும் இருந்தா ரெண்டு விதமாவும் வரும். அர்த்தம் பாக்குற அதே நேரத்துல கண்ணு அங்கயும் ஒரு தடவ போயிட்டு வரட்டும்.

உங்க மெயிலுக்கு வர்றேன். முதல் வரி 'வி நீட் எ லாட் ஆஃப் இன்ஃபர்மேஷன் அபௌட் தி எக்விப்மென்ட்'. ஏற்கனவே கொஞ்சம் அனுப்பியிருக்காங்கன்னா 'மோர் இன்ஃபர்மேஷன்'. ரெண்டாவது வரி 'ஐ ஹேவ் எ ஃபியூ கொஸ்டியன்ஸ்'. 'டவுட்ஸ்' வேண்டாம்னு ஏன் சொல்றேன்னா, நாம சந்தேகம் கேக்குறோம்னு நினைச்சு எழுதறத வெளிநாட்டுக்காரங்க நம்பிக்கை இல்லன்னு படிச்சுடுவாங்க. அந்த மெயில் ஏற்கனவே போயிடுச்சுன்னா இன்னிக்கே இன்னொண்ணு அனுப்புங்க, கேள்விகள அதுலயே வரிசையா போட்டு.